பண்டிகையும் பண்டமும்: கிறிஸ்துமஸ் எளிமை குறித்து

வினாவின் எல்லை

கிறிஸ்துமஸ் பண்டிகை பொருள்மயமாகிவிட்டது என்னும் குறை ஆண்டுதோறும் டிசம்பரில் ஏறத்தாழ எல்லாத் திருச்சபைகளின் பிரசங்கங்களிலும் எழுப்பப்படுகிறது. எனினும் அந்தக் குறை எதைச் சுட்டுகிறது என்பது தெளிவாக வரையறுக்கப்படாததால், அதைக் கேட்பவர்கள் அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டபின் வழக்கம்போலவே பண்டிகையைக் கழிக்கிறார்கள். பொருள்மயம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வெவ்வேறு கருத்துகள் கலந்திருக்கின்றன. பருப்பொருளே அடிப்படை மெய்ம்மை, மனமும் உணர்வும் அதன் விளைவுகள் என்று கொள்ளும் தத்துவ நிலைப்பாடு ஒன்று. அது பொருள்முதல்வாதம் எனப்படும். மனித வாழ்வின் மதிப்பும் நிறைவும் உடைமைகளால் அளக்கப்படுகின்றன என்று நம்பி அதன்படி வாழ்வது மற்றொன்று. அதைப் பொருட்பற்று எனலாம். முதலாவதை மறுக்கும் ஒருவர், நாள் தவறாமல் ஜெபிக்கும் ஒருவர், இரண்டாவதற்கு முழுமையாக ஆட்பட்டிருக்க முடியும் என்பதாலேயே கொலோசெயருக்கு எழுதப்பட்ட திருமுகம் பொருளாசையை விக்கிரக வழிபாட்டோடு ஒன்றாக எண்ணுகிறது. கடவுளை மறுப்பவர்களுக்கு அன்றி, திருமுழுக்குப் பெற்ற விசுவாசிகளுக்கே அந்த எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

ஆகவே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் கிறிஸ்துமஸ் நாளில் பொருட்பற்றைக் குறைக்க விரும்பினால், அது பொருள்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமா, பொருள்களோடு தனக்குள்ள உறவை மாற்ற வேண்டுமா என்பதே ஆராயத்தக்க வினாவாகும். முதலாவது சில வேளைகளில் தேவைப்படும் கருவி என்பதும், இரண்டாவதே இலக்கு என்பதும், அந்த உறவைச் சோதிக்கும் உரைகல் ஒரு பொருள் வீட்டுக்குள் வந்து நின்றுவிடுகிறதா அல்லது வீட்டைக் கடந்து தேவையுள்ள மற்றொருவரைச் சென்றடைகிறதா என்பதில் அடங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பெத்லகேமின் பொருள்கள்

கிறிஸ்துமஸ் கொண்டாடும் மறைபொருள் மனுவுருவாதல் எனப்படுகிறது. என்றுமுள்ள இறைவார்த்தை மனித உடலையும் மனித வாழ்வின் வரம்புகளையும் மெய்யாகவே ஏற்றது என்பது அதன் பொருள். கிறிஸ்துவின் உடல் மெய்யுடல் அன்று, வெறும் தோற்றமே என்று வாதித்த தோற்றக்கொள்கையினரைத் தொடக்ககாலத் திருச்சபை உறுதியாக மறுத்தது. பருப்பொருள் இழிவானது, ஆன்மா மட்டுமே தூயது என்னும் நோக்கு அழகிய துறவுக் கொள்கையாகத் தோன்றினாலும், அது கிறிஸ்துமஸின் அடித்தளத்தையே தகர்த்துவிடும் என்று அன்றைய திருச்சபைத் தலைவர்கள் உணர்ந்திருந்தார்கள். எனவே பொருள்களை வெறுப்பதன் வழியாக இப்பண்டிகையைத் தூய்மைப்படுத்த முயல்வது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், பண்டிகையின் உள்ளடக்கத்துக்கே முரணானது.

லூக்கா நற்செய்தி இயேசுவின் பிறப்பை விவரிக்கையில் மிகச் சில பொருள்களையே குறிப்பிடுகிறது: குழந்தையைச் சுற்றிய துணி, கால்நடைகளுக்குத் தீவனம் வைக்கும் முன்னணை, இடமில்லாமற்போன சத்திரம். குடும்பத்தின் பொருளாதார நிலையை அந்நூல் ஓரிடத்திலும் நேரடியாக விளக்குவதில்லை. ஆயினும் அதே இரண்டாம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயத்தில் தாயின் தூய்மைச் சடங்குக்காகச் செலுத்தப்படும் காணிக்கையைப் பற்றிய குறிப்பு அதை வெளிப்படுத்திவிடுகிறது. பிள்ளைபெற்ற பெண் ஓராண்டு நிறைந்த ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும் என்றும், அதற்கு வசதியில்லாதவள் ஒரு சோடிக் காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்றும் லேவியராகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் விதிக்கிறது. மரியாளும் யோசேப்பும் செலுத்தியதாக லூக்கா குறிப்பிடுவது இந்தப் பறவைகளின் காணிக்கையையே. ஏழைக்கென்று சட்டம் ஒதுக்கிய சலுகையைப் பயன்படுத்திய வீட்டில் பிறந்தவரின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம் என்னும் உணர்வு, கொண்டாடும் வீட்டின் செலவுப் பட்டியலை ஏதேனும் ஒரு வகையில் தொட்டாக வேண்டும்.

மத்தேயு நற்செய்தியில் வரும் ஞானிகளின் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கிறிஸ்துமஸ் பரிசுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது வழக்கம். அவை விலையுயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஞானிகள் தங்களுக்குள் பரிசுகளைப் பரிமாறிக்கொள்ளவில்லை. திருப்பித் தருவதற்கு எதுவுமில்லாத ஒரு குழந்தையின் முன் வைத்துவிட்டு வேறு வழியாகத் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களின் செயலை முன்மாதிரியாகக் கொள்பவர்கள், அதில் பரிசின் விலையோடு பரிசு சென்ற திசையையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது.

பழைய எச்சரிக்கைகள்

டிசம்பர் 25 என்னும் நாள் ரோமில் 336-ஆம் ஆண்டளவில் கொண்டாடப்பட்டதற்குச் சான்று உள்ளது. அதற்குப்பின் அரை நூற்றாண்டு கழிவதற்குள்ளாகவே, கிறிஸ்து பிறப்பு விழாவைக் குறித்துக் கான்ஸ்டாண்டிநோப்பிளில் பேசிய நசியான்சு நகர கிரகோரியார், வாயில்களை அலங்கரிப்பதும் தெருக்களைச் சோடிப்பதும் மிதமிஞ்சி உண்டு குடிப்பதும் இவ்விழாவுக்கு உரிய கொண்டாட்டம் ஆகா என்று தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். பண்டிகையின் பொருள்மயத்தைப் பற்றிய கவலை நவீன காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதுவே சான்று. அக்கவலை ஏறத்தாழப் பண்டிகையின் வயதை உடையது.

கிரகோரியாரின் காலத்தை ஒட்டி அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்தியை விளக்கிய யோவான் கிறிசோஸ்தோம், இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆலயத்தில் கிறிஸ்துவின் பந்தியைப் பொற்கிண்ணங்களால் அணிசெய்துவிட்டு, வாயிலில் பசியோடு நிற்கும் ஏழையின் உருவில் அதே கிறிஸ்துவைக் கைவிடுவது எத்தகைய வழிபாடு என்பது அவரது கேள்வி. இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது, அவர் அணிகலன்களைத் தடைசெய்யவில்லை என்பதுதான். முதலில் பசித்தவருக்கு உணவளிக்க வேண்டும், அதன்பின் எஞ்சியதைக் கொண்டு பந்தியை அழகுசெய்யலாம் என்று அவர் ஒரு வரிசைமுறையை நிறுவினார். அழகுக்கும் அறத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், எது முன், எது பின் என்று கேட்கும் இந்த அணுகுமுறை, கிறிஸ்துமஸ் குறித்த இன்றைய குழப்பத்துக்கும் ஏற்ற தீர்வாக அமைகிறது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவடிவமான மீரா நகர ஆயர் நிக்கோலாசின் மரபுக் கதையும் இதே திசையைக் காட்டுகிறது. இன்றைய துருக்கி நாட்டின் தென்கடற்கரையில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், வரதட்சணை தர வழியில்லாத ஒரு தந்தையின் மூன்று பெண்களுக்காகப் பொன்முடிப்புகளை இரவில் யாரும் அறியாதபடி அவ்வீட்டுக்குள் எறிந்தார் என்பது அக்கதை. மூன்று பெண்களைக் கரையேற்ற வேண்டிய வறிய வீட்டின் துயரம் எத்தகையது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. அந்தக் கொடை தேவையை நோக்கிச் சென்றது. உறவல்லாத வீட்டுக்குச் சென்றது. கொடுத்தவர் பெயரை மறைத்துச் சென்றது. இம்மூன்று இயல்புகளும் நீங்கி, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் பிள்ளைகளின் கைகளை மேலும் நிரப்பும் உருவமாக அவர் மாற்றப்பட்டதில் பண்டிகையின் மாற்றம் முழுவதும் சுருக்கமாகப் பதிவாகியிருக்கிறது.

சந்தை வந்த வழி

வீட்டுப் பிள்ளைகளுக்கான பரிசுப் பண்டிகை என்னும் இன்றைய வடிவம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. புனித நிக்கோலாசைப் பனிவண்டியில் வரும் பரிசாளராக வருணித்த அமெரிக்கக் கவிதை 1823-இல் வெளியாயிற்று. வணிக நோக்கில் அச்சிடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையை ஹென்றி கோல் என்பவர் 1843-இல் லண்டனில் வெளியிட்டார். அதே ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வெளிவந்து குடும்ப விருந்தையும் ஏழைக்கு இரங்குவதையும் ஒருங்கே புகழ்ந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பேரங்காடிகள் டிசம்பர் மாதத்தைத் தங்கள் முதன்மை விற்பனைக் காலமாக அமைத்துக்கொண்டன. 1931 முதல் ஹேடன் சண்ட்புளோம் என்னும் ஓவியர் ஒரு குளிர்பான நிறுவனத்தின் விளம்பரங்களுக்காகத் தீட்டிய உருவமே, சிவப்பு உடையும் வெண்தாடியும் கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தாவை உலகெங்கும் நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு வகித்தது.

சந்தையின் செல்வாக்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1939-ஆம் ஆண்டின் நிகழ்வு தக்க எடுத்துக்காட்டு. அவ்வாண்டு அமெரிக்காவின் நன்றியறிதல் நாள் நவம்பரின் கடைசி நாளில் விழவிருந்தது. அந்நாளுக்குப் பிறகே கிறிஸ்துமஸ் விற்பனை தொடங்குவது வழக்கமாதலால், விற்பனைக் காலம் சுருங்கிவிடும் என்று வணிகர்கள் முறையிட்டபோது, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அந்த நாளையே ஒரு வாரம் முன்னே நகர்த்தினார். மாநிலங்கள் அதை ஏற்பதில் பிளவுபட்டுக் குழப்பம் நேர்ந்ததால், 1941-இல் நவம்பரின் நான்காவது வியாழன் என்று நாடாளுமன்றம் அதை நிலைப்படுத்தியது. கடவுளுக்கு நன்றி சொல்வதற்கென்று ஒதுக்கப்பட்ட நாள், கடைக்காரர்களின் நாட்கணக்குக்கு ஏற்ப இடம்பெயர்ந்தது.

இந்த வரலாற்றிலிருந்து அறியத்தக்கது, சந்தை பண்டிகையை எதிர்த்து நுழையவில்லை என்பதாகும். பிள்ளைகளின் மகிழ்ச்சி, உறவினரின் கூடுகை, கொடுக்கும் ஆவல் ஆகிய நல்ல பண்புகளையே அது பற்றிக்கொண்டு, அவற்றின் அளவுகோலாக விலையைப் பொருத்தியது. தமிழகத்திலும் இதே போக்கு நிகழ்ந்து வருகிறது. தீபாவளித் தள்ளுபடி முடிந்த கையோடு கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என மூன்று பண்டிகைகளை ஒரே விளம்பரப் பலகையில் அடுக்கும் வணிகத்தின் பார்வையில், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு பொட்டலம் கட்டும் தாளின் நிறத்தில் மட்டுமே உள்ளது. மாதத் தவணையில் வாங்கிய கைப்பேசியும் கடன் வாங்கி எடுத்த பட்டுச்சேலையும் அன்பின் சான்றுகளாகிவிட்டால், அவற்றை வாங்க இயலாத தகப்பன் அன்பில் குறைந்தவனாகத் தன் பிள்ளைகளின் முன் நிற்க நேரிடுகிறது. பொருட்பற்றின் கொடுமை வசதியுள்ள வீட்டைவிட வசதியற்ற வீட்டிலேயே கூடுதலாக உணரப்படுகிறது என்பதை எளிமை பற்றிப் பேசுபவர்கள் பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

மறுப்பின் வழியும் அசிசியாரின் வழியும்

இந்நிலைக்கு மாற்றாகப் பண்டிகையையே கைவிடுவது ஒரு வழி. இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் எனப்பட்ட சீர்திருத்தப் பிரிவினரின் செல்வாக்கில் இருந்த நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸை நீக்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659-இல் அதைக் கொண்டாடுவோருக்கு அபராதம் விதித்து, 1681-இல்தான் அச்சட்டத்தைத் திரும்பப் பெற்றது. தமிழகத்திலும் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளுள் சில, வேதத்தில் கட்டளையிடப்படாத நாள் என்றும் உலகப்பிரகாரமான ஆடம்பரம் என்றும் கருதிக் கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதில்லை. மனச்சான்றின் அடிப்படையிலான இந்த நிலைப்பாடு மதிக்கத்தக்கது. எனினும் நாளை நீக்குவதால் பற்று நீங்குவதில்லை என்பதோடு, அந்த நாளை நம்பியிருந்த எளியவர்களின் பங்கும் சேர்ந்தே நீங்கிவிடுகிறது என்னும் இடர்ப்பாடு அதில் உண்டு. இங்கிலாந்தில் பண்டிகை நீக்கப்பட்டபோது, வேலைக்காரர்களும் தொழில் பழகுநர்களும் தங்கள் ஓய்வு நாளை இழந்தார்கள். அதற்கு ஈடாக மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை அவர்களுக்கு விடுமுறையாக அறிவிக்க வேண்டிய கட்டாயம் அதே நாடாளுமன்றத்துக்கு ஏற்பட்டது.

வறுமையைத் தம் மணமகளாக ஏற்றவர் என்று போற்றப்படும் அசிசி நகர பிரான்சிஸ் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டினார். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில், வைக்கோல் நிரப்பிய முன்னணையையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் மக்கள் முன் நிறுத்தி அவர் வழிபாடு நடத்தச் செய்தார். இன்று கத்தோலிக்க வீடுகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தெருமுனைகளிலும் அமைக்கப்படும் குடில்களுக்கு அந்த இரவே மூலமாகக் கொள்ளப்படுகிறது. குழந்தைக் கடவுள் அடைந்த வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது; அதைக் காட்டுவதற்கு அவருக்கு வைக்கோல் என்னும் பொருள் தேவைப்பட்டது. அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய செலானோ நகர தாமஸ் தரும் மற்றொரு குறிப்பு மேலும் கருதத்தக்கது. கிறிஸ்துமஸ் ஒருமுறை வெள்ளிக்கிழமையில் வந்தபோது, அன்று இறைச்சி உண்ணலாகாது என்று சகோதரர் ஒருவர் எடுத்துரைக்க, அத்தகைய நாளில் சுவர்களும் இறைச்சி உண்ண வேண்டும், இயலாவிட்டால் அவற்றின்மேல் பூசவாவது வேண்டும் என்று பிரான்சிஸ் மறுமொழி கூறினாராம். அந்நாளில் செல்வர்கள் பசித்தவர்களை நிறைவாக உண்ணச்செய்ய வேண்டும் என்றும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீவனமிட வேண்டும் என்றும், பறவைகளுக்காக வழிகளில் தானியம் தூவ வேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

உடைமை ஏதும் கொள்ளாத ஒருவர் விரும்பிய இந்தப் பண்டிகை மிகத் தாராளமானது. அதில் இறைச்சி உண்டு, தானியம் உண்டு, வைக்கோல் உண்டு. தேக்கிவைத்தல் மட்டும் இல்லை. எளிமை என்பது கஞ்சத்தனத்துக்கு இடப்பட்ட பக்திப் பெயராக ஆகிவிடாமல் காப்பது இந்த வேறுபாடே. தன் செலவைக் குறைத்து மிச்சத்தை வங்கியில் சேர்க்கும் வீடு சிக்கனமான வீடு எனப்படலாம். அது கிறிஸ்துவின் எளிமையை அடைந்த வீடு ஆகிவிடாது.

கொடையும் கைம்மாறும்

கொடை என்பது எப்போதும் திரும்பக் கொடுக்கும் கடப்பாட்டை உருவாக்குகிறது என்று பிரெஞ்சு மானுடவியல் அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியான தம் ஆய்வில் விளக்கினார். திருமண வீட்டில் மொய் எழுதும் நோட்டைப் பாதுகாத்து, எழுதியவர் வீட்டு விசேஷத்தில் அதற்கு ஈடாகவோ சற்றுக் கூட்டியோ திருப்பிச் செய்யும் தமிழ்ச் சமூகத்துக்கு இந்த உண்மை புதிதன்று. மொய் உறவைக் கட்டிக்காக்கும் பயனுள்ள வழக்கம்; அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் வறியவர்க்குத் தருவதே ஈகை எனத்தகும் என்றும், ஏனையவை திரும்பப் பெறும் கணக்கில் அடங்குபவை என்றும் திருக்குறளின் ஈகை அதிகாரம் தன் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டிவிடுகிறது. விருந்துக்கு நண்பர்களையும் செல்வரான அயலாரையும் அழைத்தால் அவர்கள் திருப்பி அழைத்துக் கைம்மாறு செய்துவிடுவார்கள், ஆகையால் கைம்மாறு செய்ய இயலாத ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழைக்க வேண்டும் என்று லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் இயேசு கூறுவதும் அதே பகுப்பைத்தான் வலியுறுத்துகிறது. வள்ளுவத்தில் பயின்ற தமிழ் உள்ளத்துக்கு நற்செய்தியின் இந்தப் போதனை அயலானதாகத் தோன்ற வாய்ப்பில்லை.

கைம்மாறாக நடைபெறும் பரிசுப் பரிமாற்றம் பொருளியல் நோக்கிலும் குறையுடையது என்று ஜோயல் வால்ட்ஃபோகல் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1993-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். பரிசு பெற்றவர்கள் அப்பொருளுக்கு மதிப்பிட்ட தொகை, கொடுத்தவர் செலவிட்ட தொகையைவிடப் பத்திலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை குறைவாக இருந்தது என்பது அவரது கணிப்பு. பரிசின் பொருளை விலையால் மட்டும் அளப்பது போதாது என்னும் மறுப்பு நியாயமானதே. பாட்டி பின்னித் தரும் சட்டைக்குச் சந்தை மதிப்பு எதுவாயினும் பேரப்பிள்ளைக்கு அது விலைமதிப்பற்றது. ஆயினும் அலமாரியில் பத்துச் சட்டைகள் உள்ளவருக்குப் பதினோராவது சட்டை தரும் மகிழ்ச்சி, ஒரே சட்டையோடு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடாகாது என்பதை மறுப்பவர் எவருமிலர். இதனால் புத்தாடை வாங்குவது சரியா தவறா என்று பொதுவிதி வகுக்க இயலாது. ஆண்டில் ஒரேமுறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் புத்தாடை காணும் வீட்டில் அந்த ஆடை நன்றியின் அடையாளம். மாதந்தோறும் ஆடை வாங்கும் வீட்டில் அதே ஆடை வழக்கத்தின் நீட்சி. ஒரே பொருள், இரு வீடுகளில், இரு வேறு அறநிலை கொள்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவ இல்லத்தின் மரபுகள்

பண்டம் கைமாறிச் செல்வதற்கான வழக்கங்கள் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் ஏற்கெனவே உள்ளன. தென்மாவட்டங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் பெண்கள் கூடி முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்வது அவற்றுள் ஒன்று. வறுத்துப் பொடித்த பாசிப்பயற்று மாவில் தேங்காயும் எள்ளும் சேர்த்து, சூடான வெல்லப்பாகை ஊற்றி, பாகு இறுகுவதற்குள் விரைந்து உருண்டை பிடிக்க வேண்டியிருப்பதால் முந்திரிக்கொத்து பல கைகள் சேர்ந்து செய்யும் பலகாரம் ஆகிவிட்டது. தனித்து இருப்பவர் அதைப் பெருமளவில் செய்வது கடினம். இப்பலகாரங்கள் தட்டில் அடுக்கப்பட்டு இந்து, முஸ்லிம் வீடுகளுக்குச் செல்கின்றன; தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்த தட்டு கிறிஸ்துமஸுக்கு வெறுந்தட்டாகத் திரும்பக்கூடாது என்பது எழுதப்படாத விதி. இது பரிமாற்றமே ஆயினும், சமய எல்லையைக் கடக்கும் பரிமாற்றம். அதே தட்டு சாதித் தெருக்களின் எல்லையையும் கடக்கிறதா என்னும் கேள்வியைத் தமிழ்த் திருச்சபை தன்னிடம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த எல்லையில் தட்டு நின்றுவிடும் ஊரில், எவ்வளவு எளிமையாகக் கொண்டாடினாலும் முன்னணையின் செய்தி நிறைவேறியதாகாது.

டிசம்பர் இரவுகளில் பாடகர் குழுவினர் சபையின் வீடுகள்தோறும் சென்று பாடும் கேரல் பவனியும் இத்தகையதே. ஓலைக்குடிசையிலும் மாடிவீட்டிலும் ஒரே பாடலும் ஒரே ஜெபமும் ஒலிப்பதில் அதன் சமத்துவம் அடங்கியிருக்கிறது. காணிக்கை உறையின் கனத்தைப் பொறுத்துப் பாடல்களின் எண்ணிக்கை கூடும்போதும் குறையும்போதும் அந்தச் சமத்துவம் அழிகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் பெண்கள் நாள்தோறும் உலையிடும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, சேர்ந்ததைச் சபைக்கு அளிக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, கொடுத்தல் செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதை நிலைநாட்டியது. 1903-இல் திருநெல்வேலியில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் உடனுழைப்பாளர்களும் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம், வெளிநாட்டுப் பணத்தைச் சாராமல் இந்தியர்களின் காணிக்கையால் நடைபெற வேண்டும் என்னும் கொள்கையை ஏற்றது. பெறுபவர்களாக மட்டுமே கருதப்பட்ட ஏழை மக்களைக் கொடுப்பவர்களின் மதிப்புக்கு உயர்த்தியதே அக்கொள்கையின் பெருமை. கிறிஸ்துமஸ் கொடையிலும் இதுவே நெறியாக வேண்டும்: பெறுபவரைக் கூசச்செய்யும் கொடை, பொருளைக் கொடுத்து மானத்தை எடுத்துக்கொள்கிறது.

இல்லத்தில் கைக்கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றின் ஒளியில், ஒரு குடும்பம் நடைமுறையில் செய்யக்கூடியவை சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, திருவருகைக் காலத்தை மீட்டெடுத்தல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட இக்காலம் காத்திருப்புக்கும் மனந்திரும்புதலுக்கும் உரியது. அதன் அடையாளமான மெழுகுவர்த்தி வளையத்தை 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விக்கேர்ன் என்னும் லுத்தரன் போதகர், தாம் நடத்திய ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தில் தொடங்கினார். பண்டிகை எப்போது வரும் என்று அப்பிள்ளைகள் இடைவிடாது கேட்டதால், நாளுக்கொரு மெழுகுவர்த்தியாக ஏற்றி அவர்களைக் காத்திருக்கப் பழக்கினார் என்று கூறப்படுகிறது. நவம்பரிலேயே பண்டிகையைத் தொடங்கி டிசம்பர் 25 மாலையில் முடித்துவிடும் சந்தையின் நாட்காட்டிக்கு எதிராக, 25-இல் தொடங்கி ஜனவரி 6-ஆம் நாளின் திருக்காட்சி விழாவரை நீளும் திருச்சபையின் நாட்காட்டியைப் பின்பற்றுவதே பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. டிசம்பர் 26 திருச்சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள். விதவைகளுக்கு அன்றாட உணவு முறையாகப் பகிரப்படுவதற்காக நியமிக்கப்பட்ட எழுவரில் ஒருவர் அவர். கிறிஸ்து பிறப்புக்கு மறுநாளை இத்தகையவருக்கு உரியதாக்கியிருக்கும் மரபை ஏற்று, அந்நாளை முதியோரையும் நோயாளரையும் காண்பதற்கென ஒதுக்கலாம்.

இரண்டாவது, நீதியை ஈகைக்கு முன் வைத்தல். வீட்டுப் பணியாளரின் சம்பளத்தையும் பண்டிகைப் பணத்தையும், துணி தைத்தவரின் கூலியையும் உரிய நாளில் தருவது தருமம் அன்று, கடன். கூலியை நிறுத்திவைப்பதை யாக்கோபின் திருமுகம் கடுமையாகக் கண்டிக்கிறது. தையற்காரரின் பாக்கியைத் தள்ளிப்போட்டுவிட்டு அனாதை இல்லத்துக்கு கேக் அனுப்பும் வீடு அந்தக் கண்டனத்துக்கு உள்ளாகிறது.

மூன்றாவது, கொடுப்பதில் மதிப்பைக் காத்தல். பழந்துணிகளைக் கழித்துக்கட்டுவதைக் கொடை என்று எண்ணாமல், தன் பிள்ளைக்கு எடுக்கும் கடையிலேயே, அதே தரத்தில், மற்றொரு வீட்டுப் பிள்ளைக்கும் ஆடை எடுப்பதும், இயலுமானால் நிறத்தையும் வடிவத்தையும் அப்பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுவதும், கொடுத்த காட்சியைப் படமெடுத்துப் பரப்பாமல் இருப்பதும் நிக்கோலாசின் மரபுக்கு உகந்தவை. கொடுக்கும் வீட்டின் பிள்ளைகளும் தங்கள் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியைத் தாமே முன்வந்து தரும்போது, அவர்களுக்கு எளிமை தண்டனையாகத் தோன்றாது.

நான்காவது, எளிமையின் சுமையைப் பெண்களின்மேல் ஏற்றாமை. கடைப் பலகாரத்தைத் தவிர்த்து வீட்டிலேயே செய்வோம் என்று குடும்பத்தலைவர் முடிவுசெய்ய, அதற்கான உழைப்பு முழுவதும் அடுப்படியில் நிற்கும் தாயின் தலையில் விழுந்தால், பணச்செலவு குறைந்து ஒருத்தியின் உடற்செலவு கூடியதே பலன். முந்திரிக்கொத்து உருட்டும் கைகளில் ஆண்களின் கைகளும் பிள்ளைகளின் கைகளும் சேர வேண்டும். இல்லையெனில் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

கிறிஸ்துமஸ் நாளில் பொருள்கள் இருப்பது பிழையன்று; கடவுள் உடலெடுத்த நாளை உடலுக்குரிய உணவும் உடையும் ஒளியும் இல்லாமல் கொண்டாடுவது கடினம். அப்பொருள்கள் ஒரு வீட்டுக்குள் குவிந்து, அவ்வீட்டின் மதிப்பை அறிவிக்கும் கருவிகளாக நின்றுவிடுவதே பிழை. கிறிசோஸ்தோம் வகுத்த வரிசைமுறையைப் பின்பற்றும் வீட்டில் அலங்காரத்துக்கும் இடமுண்டு. அதற்கு இரண்டாம் இடம் மட்டுமே உண்டு. எனவே கிறிஸ்தவக் குடும்பங்கள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பண்டிகைச் செலவைக் கணக்கிட அமரும்போது, பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு, இன்ன வீட்டுக்கு இவ்வளவு என்று மற்றொரு வீட்டின் பங்கை முதல் வரியில் எழுதட்டும். தம் வீட்டுக்கு ஆகும் செலவை அதற்குக் கீழே எழுதட்டும். முதல் வரிக்குரிய தொகை உரியவரைச் சென்றடைந்த பிறகே இரண்டாம் வரிக்காகக் கடைக்குச் செல்லட்டும்.